எல்லோருக்கும் தெரியும்

சென்ற மாதம் ஒருநாட் பிற்பகல், பாடசாலை விட்ட பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நான்கு தாள்களைக் கையிற் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றான். "சேர், இதை ஒருக்காப் பாத்துத் தருவீங்களோ? தமிழிலை பிழை இருந்தாக் கோயிலிலை பேசுவினம்" என்றான்.

எமது கல்லூரி இந்துக் கல்லூரி. அவனோ கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலே இஃது ஒரு புதினமன்று. புதினமாவது, அவனும் எம்மைப் போலவே மயிலிட்டியைச் சொந்த ஊராகக் கொண்டவன் என்பதே. ஆயினும் எமக்கும் அவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் அவ்வூரிற் பிறந்து, 1990 யூனில், ஒன்பது வயதில் அதனை இழந்தவர்கள். அவன் அவ்வூரை இழந்தவர்களுக்கு வேறோர் ஊரிற் பிறந்து, 2017 யூலையில், ஒன்பது வயதில் அதனை முதன்முதலாகக் கண்டவன்.

அவன் குடும்பத்தார் இடம்பெயர்ந்து வாழ்ந்த ஊரிலே, அவர்கள் இன்றுஞ் செல்லும் கோயிலின் இளைஞர்கள் அக்கோயிலுக்கு ஓர் இணையத்தளம் அமைக்கின்றனராம். அதில் இடவேண்டிய அறிமுகத்தை எழுதும் பொறுப்பு இவன் தலையில் விழுந்திருக்கின்றது. அதனையே பெரிதாக அச்சிட்டு வாசலிலும் ஒட்டுவார்களாம். "புதிசா வாறவைக்கு எண்டுதான் சேர்" என்று விளக்கமுங் கூறினான்.

வாங்கிப் படித்தோம். கோயில் எழுந்த வரலாறு ஒன்றரைப் பக்கம். சொரூபம் வந்து சேர்ந்த கதை அரைப்பக்கம். பணியாற்றிய பங்குத்தந்தையர் பெயர்கள் ஆண்டு வரிசையில் ஒரு பக்கம். எஞ்சிய பக்கத்தில் அன்பியங்கள், மரியாயின் சேனை, பீடப் பணியாளர், பாடகர் குழாம் என்பனவற்றின் விவரம். எழுத்துப் பிழைகள் ஏழு இருந்தன; திருத்தினோம். நடையிற் குறைகூற ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "தம்பி, வாற ஞாயிறு நாங்கள் இந்தக் கோயிலுக்கு வரவேணுமெண்டால் எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டோம்.

"ஆறரைக்குப் பூசை, சேர். அது எல்லாருக்குந் தெரியும்."

"இந்த நாலு பக்கத்திலை அது எங்கை இருக்கு?"

அவன் முதற் பக்கத்தைப் பார்த்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். பின்னர் எம்மைப் பார்த்துச் சிரித்தான்.

'எல்லோருக்கும் தெரியும்' என்ற அந்தச் சொல் அன்று மாலை முழுவதும் எம்மோடு கூடவே வந்தது. ஒரு கோயிலையோ, கல்லூரியையோ, சனசமூக நிலையத்தையோ நடத்துகின்றவர்கள் நாள்தோறுஞ் சொல்லும் சொல் இது. எல்லோருக்கும் தெரியும் என்னும்போது அந்த எல்லோருக்குள் வாசலில் நிற்பவன் சேரவில்லை.

எமது சிறுபிராயத்து மயிலிட்டியில் இப்படியொரு தாள் எவருக்குந் தேவைப்பட்டதில்லை. வடகடலை நோக்கிய கரையிலே, கண்ணகை அம்மன் கோயிலும் பேச்சியம்மன் கோயிலும் காணிக்கை மாதா கோயிலும் ஒரே ஊரில் நின்றன. மாதா கோயிற் பெருநாளுக்கு எம்மை அழைத்துச் சென்றவர் அயல்வீட்டு ஆச்சி. அவர் கத்தோலிக்கர். எமது அம்மா எண்ணெய் வைத்துத் தலைவாரி அனுப்புவார். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு போவார். செருப்பை எங்கே கழற்றுவது, எந்தப் பக்கத்தில் இருப்பது, எல்லோரும் முழந்தாளிடும்போது நாம் என்ன செய்வது என்பனவெல்லாம் அந்தக் கையின் இழுப்பிலேயே தெரிந்துவிடும். இரு என்றால் ஓர் அழுத்தம். எழும்பு என்றால் ஓர் இழுப்பு. நற்கருணை வேளையில் ஆச்சி மட்டும் எழுந்து செல்வார். போகும்போது, "நீ இதிலை இரு ராசா, நான் வாறன்" என்று எமது தோளைத் தொட்டுவிட்டுப் போவார். அவ்வளவே. அதிலே விலக்கிய குறிப்பு ஏதுமில்லை; எமக்கு வருத்தமுமில்லை. அம்மன் கோயில் வேள்விக்கும் பொங்கலுக்கும் ஆச்சி வீட்டுப் பிள்ளைகள் எமது கையைப் பிடித்து வந்தார்கள்.

1990இல் ஊர் கலைந்தபோது வீடுகளும் வள்ளங்களும் போயின என்று கணக்கெழுதுகின்றோம். அந்தக் கையும் போயிற்று என்பதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. மயிலிட்டித் துறைமுகத்தையும் அதனை அடுத்த 54 ஏக்கர் நிலத்தையும் 27 ஆண்டுகளுக்குப் பின்னர் 2017 யூலை 3ஆந் திகதி விடுவித்தார்கள். பற்றை மூடிய நிலத்திலே தத்தம் கிணற்றைத் தேடி நின்ற முதியோரின் பின்னால், எதனைத் தேடுவது என்றே அறியாது நின்ற இளையோரும் இருந்தனர். முகாமிலும், வாடகை வீட்டிலும், பாரிசிலும், இலண்டனிலும், ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். மயிலிட்டிக்கு இன்று வரும் புதியவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அந்த மண்ணின் பேரப்பிள்ளைகள். பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் வாசலிலே நின்று, உள்ளே போகலாமோ என்று தயங்கும் இளைஞனுக்கு எவர் கைகொடுப்பது? அவன் கையில் இருப்பது ஒரு கைத்தொலைபேசி. முதலில் அதனிடத்தேதான் அவன் கேட்பான்.

கை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாம் பட்டறிந்தோம். பல்கலைக்கழகத்திற் படித்த காலம். உடன் பயின்ற நண்பன் ஒருவனின் தந்தையார் காலமாகிவிட, நாமும் வேறு மூன்று சைவப் பிள்ளைகளும் தூரத்து நகரொன்றில் நடந்த இறுதித் திருப்பலிக்குச் சென்றோம். எழும்பும்போது எழும்பினோம், இருக்கும்போது இருந்தோம். ஒரு கட்டத்தில் வரிசை வரிசையாக யாவரும் எழுந்து முன்னே சென்றனர். எமது வரிசையினரும் எழுந்தனர். இருந்தால் மரியாதைக் குறைவாகுமென்று கருதி நாமும் சென்றோம். ஆச்சி எம்மை இருத்திவிட்டுப் போன அந்த வேளை இதுதான் என்பது பீடத்துக்கு நாலு முழத்தூரத்திலேதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் ஒரு பெரியவர் எமது முழங்கையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீங்கள் எடுக்கப்படாது, அங்காலை போங்கோ" என்றார். அவர் சொன்னது முழுவதுஞ் சரியே. நற்கருணை கத்தோலிக்கர் தம் வழிபாட்டின் உச்சியாகப் போற்றுவது. அதற்கு ஞானஸ்நானமும் ஆயத்தமும் வேண்டும். ஆயினும் துக்க வீட்டிலே, நண்பன் பார்த்திருக்க, அந்த நடு ஒழுங்கையால் திரும்பி நடந்த தூரம் எமக்கு இன்றும் நீண்டே தோன்றுகின்றது. எம்முடன் வந்தவர்களில் ஒருவர் அதன் பின்னர் எந்த வேதக் கோயிலுக்கும் போனதில்லை. தமது திருமண அழைப்பிதழை எடுத்துச் சென்றபோதும் கத்தோலிக்க நண்பரை வாசலிலேயே கண்டு கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

இதற்கு வேண்டியிருந்தது இரண்டே வரி. 'நற்கருணை வாங்குவோர் முன்னே வரும்போது, கத்தோலிக்கரல்லாத அன்பர்கள் தம் இருக்கையில் அமர்ந்து எம்மோடு மன்றாடலாம். அமர்ந்திருப்பது அவமரியாதை ஆகாது.' இந்த இரண்டாம் வாக்கியமே உயிரானது. முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினால் அது தடை. இரண்டாவதும் சேர்ந்தால் அது ஆச்சி தோளைத் தொட்டது. மேற்கு நாடுகள் சிலவற்றில், கைகளை மார்பிற் குறுக்காக வைத்துக்கொண்டு சென்று குருவானவரின் ஆசீர்வாதத்தை மட்டும் பெற்றுத் திரும்பும் வழக்கமும் உண்டு. எந்தக் கோயிலில் எது வழக்கமோ அதனை அக்கோயிலார் எழுதிவிட்டாற் போதும்.

மாணவனிடம் மறுநாள் இதனைக் கூறினோம். அவன் உற்சாகமாகப் பழைய நான்கு பக்கத்தையும் கிழிக்கப் பார்த்தான். வேண்டாமென்று தடுத்தோம். வரலாறு வேண்டியதே. ஆனால் வாசலில் வந்தவருக்கு முதலிலே தண்ணீர். பிறகே தாத்தாவின் கதை. எமது முன்னோர் வீட்டுப் படலைக்குக் கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டி, அதிலே தண்ணீர்ப் பானையும் வைத்திருந்தனர். சங்கடப்படலை என்று அதற்குப் பெயர். வழிப்போக்கன் அங்கே அமர்ந்து நீர் குடித்து இளைப்பாறலாம். அவனிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை. உள்ளே வந்துதான் ஆகவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. இணையத்தளத்தின் முதற்பக்கம் அவ்வாறு இருந்தால் நன்று.

அங்கே வைக்கவேண்டிய தண்ணீர் என்னென்ன என்று இருவருமாக இருந்து பேசினோம். பூசை நேரம், அது எந்த மொழியில், எவ்வளவு நேரம் நடக்கும், பேருந்தில் வந்தால் எங்கே இறங்குவது, செருப்பைக் கழற்றவேண்டுமா, எந்த உடை ஏற்றது, காணிக்கைத் தட்டு வரும்போது கட்டாயம் போடவேண்டுமா, கைக்குழந்தை அழுதால் எங்கே கொண்டு செல்வது, சக்கர நாற்காலி ஏறுமா, கழிவறை எங்கே. கடைசியிற் சொன்னதை எழுத அவனுக்கு வெட்கம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வயதான தாயாரை அழைத்து வரும் மகள் முதலிலே தேடுவது அதனைத்தான்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் வழக்காட வேண்டியிருந்தது. அன்பியம் என்பது அயலவர் சிலர் வீடுகளிற் கூடிச் செபிக்கும் சிறு குழு என்பதைக் கத்தோலிக்கரல்லாதார் அறியார். மரியாயின் சேனை என்பது நோயாளரைப் பார்க்கச் செல்வதும் செபமாலை சொல்வதுமான பக்திச் சங்கம். எங்கள் ஊரிலே சேனை என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. இருபத்தேழு வருடம் அதற்காகத்தானே காத்திருந்தோம்! அவனும் சிரித்துவிட்டு, அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் எழுதிக்கொண்டான்.

மொழி என்பது திருச்சபைக்குப் பழைய வினா. 1963 திசெம்பர் 4ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்கள் மொழிக்குப் பூசையில் இடம் கிடைத்தது அதன் பின்னரே. அதுவரை குருவானவர் இலத்தீனிற் சொல்ல, எமது ஆச்சி போன்றோர் தமக்குத் தெரிந்த தமிழ்ச் செபத்தைச் செபமாலையிற் சொல்லிக்கொண்டிருந்தனர். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கத்தையே வந்தவருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மாற்றத் துணிந்த சபைக்கு, ஒரு தாளிலுள்ள சொற்களை விளக்குவது பாரமாகாது.

மயிலிட்டிக்கு இன்னொரு வகைப் புதியவரும் உளர். துறைமுகத்துக்குத் தெற்கிலிருந்து பலநாட் படகுகள் வருகின்றன. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களின் மீனவருள் கத்தோலிக்கர் பெருந்தொகையினர். கடற்றொழிலில் எமக்கும் அவர்களுக்கும் உள்ள வழக்குகளை நாம் மறைக்கவில்லை, அவை தீர்க்கப்படவேண்டியவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிங்களக் கத்தோலிக்கன் கரையிறங்கிக் கோயிலைத் தேடினால், பூசை நேரத்தை அவன் மொழியில் ஒரு வரி எழுதிவைப்பதால் எமது துறைமுக உரிமை எள்ளளவுங் குறையாது. பக்கத்திலுள்ள பலாலியில் 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நாகபட்டினத்தை அடுத்த வேளாங்கண்ணியில், மொட்டையடித்து நேர்த்தி செலுத்தும் இந்துக்களையும், பல மொழிகளில் நடக்கும் பூசைகளையும் கண்டு பழகியவர்கள் இக்கரையில் இறங்கும்போது எமது கோயில்களும் அவ்வாறே இருக்குமென்று எதிர்பார்ப்பர்.

எழுத்துரு பற்றி ஒரு சொல். எங்கள் பகுதியில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவிலேயே தட்டெழுதுகின்றனர். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அப்பக்கம் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறித் தோன்றும். தேடுபொறியும் அதனைத் தமிழென்று அறியாது. அறிவித்தற் பலகையைப் படமெடுத்துப் போடுவதும் அத்தகையதே. கண்பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கு அது வெறும் படம். ஒருங்குறியில் எழுதினால் இவ்விடர் இல்லை. மாணவனுக்கு இது எம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

ஓர் இக்கட்டும் உண்டு. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று முதல், முதுகிற் பையோடு வரும் முகந்தெரியாத இளைஞனைக் கண்டால் வாசலில் நிற்பவரின் உடல் விறைக்கின்றது. அதனை நாம் குறைகூறோம். ஆனால் பையைச் சோதிப்பார்கள் என்பதை முன்னரே பக்கத்தில் எழுதிவிட்டால், சோதனை அவமதிப்பாகாது. பெரிய பைகளைக் கொண்டுவரவேண்டாம் என்ற ஒரு வரியோடு காரியம் முடிந்துவிடும்.

சைவராகிய உமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசக நேயர் ஒருவர் கேட்கக்கூடும். வேதக் கோயிலுக்குப் புதியவரை அழைப்பதென்றால் மதம் மாற்றுவதல்லவா என்ற ஐயம் எமது நாட்டிற் பழையது, காரணமில்லாததும் அன்று. ஆகவேதான் மாணவனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னோம். 'வருபவரின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கேட்கமாட்டோம். விரும்பிக் கொடுத்தாலன்றி வீடுதேடி வரமாட்டோம்' என்பதை எழுதவேண்டும். எழுதினால் அவ்வாறே நடக்கவும்வேண்டும். வருபவருள் மாறவந்தவர் மிகச் சிலர். செத்தவீட்டுக்கு வந்தவர், கலியாணத்துக்கு வந்தவர், பாட்டியாரின் கல்லறையைத் தேடிவந்தவர், மனம் உடைந்து ஒரு மூலையில் அரைமணி நேரம் இருக்க வந்தவர் ஆகியோரே பலர்.

அன்றியும், வழிபாட்டுக்கு வருபவனுக்கு வழி எழுதிவைப்பது சைவருக்குப் புதியதன்று. தமிழ் அச்சின் தொடக்கத்திலே, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கமும் முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஆக்கப்பட்ட ஞானோபதேச நூல்கள்; பின்னையது வினாவும் விடையுமாக அமைந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்த பின் எமது நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரிடம் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றி, மிஷனரிமாரின் அச்சையும் பிரசங்கத்தையும் கண்ணாரக் கண்டார். 1847 திசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். பின்னர்ச் சைவ வினாவிடையும் சிவாலய தரிசன விதியும் எழுதினார். கோயிலுக்கு எப்படிப் போகவேண்டும், எங்கே வணங்கவேண்டும், எதைச் செய்யலாகாது என்பவை அவற்றிலே படிப்படியாக உள்ளன. எல்லோருக்குந் தெரியும் என்று நாவலர் கருதவில்லை. கிறிஸ்தவரிடம் கற்ற வித்தையைச் சைவத்துக்கு ஆக்கினார். அதே வித்தையை ஒரு சைவ ஆசிரியர் கத்தோலிக்கப் பையனுக்குச் சிறிது திருப்பிக் கொடுத்தாற் கணக்குச் சரியாகும் என்பது எம் எண்ணம்.

எமது வாசல்களின் கணக்கோ சரியாகவில்லை. மயிலிட்டியின் அயலூர் மாவிட்டபுரம். 1968இல் அங்கே கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றனர், மறிக்கப்பட்டனர். அவர்களுக்குப் பூசை நேரம் தெரியும். செருப்பு எங்கே கழற்றுவதென்றும் தெரியும். தலைமுறை தலைமுறையாக அந்த வாசலிலே நின்றவர்கள். வேதக் கோயில்களிலும் சாதிக்கோர் இடமென்று இருந்த காலம் உண்டென்பதை முதியோர் அறிவர். ஆகையால், 'யாவரும் வருக' என்று பெரிய எழுத்தில் எழுதலாமா என்று மாணவன் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். அச்சொல்லை எழுதாத கோயில் இல்லை. அதற்குப் பதிலாக, எவரும் எந்த வாங்கிலும் இருக்கலாம் என்று எழுதச் சொன்னோம். அவன் எம்மை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டான்.

சென்ற வெள்ளிக்கிழமை புதிய தாளோடு வந்தான். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது. வரலாறு பின்னால், விரும்புவோர் படிக்கும்படி தனியே இருந்தது. மேலே தடித்த எழுத்தில் ஞாயிறு பூசை நேரம். எழுத்துப் பிழை இரண்டே. நடுவில் அவனாகச் சேர்த்த ஒரு வரியும் கண்டோம்: 'முதன்முறை வருபவர்கள் பிரதான வாசலில் நிற்கும் மூப்பரிடம் எதையுங் கேட்கலாம், விரும்பினால் அவர் உங்களோடு வந்து அமர்வார்.'

"நல்ல வரி" என்றோம்.

"நல்ல வரிதான் சேர். ஆனா எங்கடை மூப்பர் முன் வாங்கிலைதான் இருக்கிறவர். வாசலிலை ஒருத்தரும் நிக்கிறேல்லை."

"அப்ப ஏன் எழுதினீர்?"

"எழுதினாப் பிறகு ஆரும் நிக்கத்தானே வேணும்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அன்று பின்னேரமே மூப்பரிடம் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னான். இவ்வரிகளை எழுதி அனுப்பும்வரை அவன் திரும்பி வரவில்லை.